ஆயிரத்தெட்டுக் கழஞ்சு மாலை

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் இரண்டு காரியங்களை உத்தேசித்துப் போகிறார்கள். ஒன்று, சுவாமி தரிசனம். மற்றொன்று, பட்டுப் புடவை. சென்ற தை மாதத்தில் நானும் போனேன். தரிசனத்துக்காகப் போனேன் என்று சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருக்கும். ஆனால், புடவைக்காகத்தான் போனேன். அக்காவின் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. முகூர்த்தப் புடவை ஒன்று எடுக்க வேண்டும், துணைக்கு வா என்று அக்கா கூப்பிட்டாள்.

இளங்கோவடிகளைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் எதற்காகப் புடவைக் கடையில் ஆரம்பிக்கிறான் என்று நீங்கள் கேட்கலாம். சிலப்பதிகாரத்தை நான் கல்லூரியில் இண்டர்மீடியட் வகுப்பில் பாடமாகப் படித்தேன். பிறகு பலமுறை ரசனைக்காகப் படித்தேன். ஆனால் அதன் நடுநரம்பு எங்கே ஓடுகிறது என்பது அன்று அந்தக் கடையின் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அதனால்தான் அங்கே ஆரம்பிக்கிறேன்.

அக்கா ஒரு மணி நேரம் பார்த்தாள். ஒரு புடவை எடுத்தாள். பணத்தை எண்ணிக் கொடுத்தாள். காரியம் முடிந்தது. துணைக்குப் போன நான் என்ன செய்தேன் தெரியுமா? அரக்கு உடலில் மயில்கழுத்துக் கரை போட்ட புடவை ஒன்று கண்ணில் பட்டது. அடுத்தது ஒன்று. அதற்கடுத்தது ஒன்று. மூன்றையும் கட்டச் சொல்லிக் கடன் அட்டையை நீட்டிவிட்டேன். எல்லாம் ஐந்து நிமிஷம்.

காரில் ஏறியதும் அக்கா கேட்டாள்: "ஏண்டா, ஒண்ணு என் பெண்ணுக்கு. மற்ற மூணும் யாருக்குடா?"

யோசித்துப் பார்த்தேன். பதில் வரவில்லை.

இது எனக்குப் புதிய வியாதி அல்ல. என்னிடம் முப்பத்தொரு பேனாக்கள் இருக்கின்றன, எழுதுவது ஒன்றினால். கட்டுப் பிரிக்காத புத்தகங்கள் அலமாரியில் இரண்டு தட்டு இருக்கின்றன. கைப்பேசியில் கடை வந்த பிறகு, ராத்திரி பதினொரு மணிக்குத் தூக்கம் வராவிட்டால் ஏதாவது ஒன்றை விரலால் தொட்டுவிடுவேன். மூன்றாம் நாள் பொட்டலம் வாசலில் வந்து நிற்கும். அதைப் பிரிக்கும்போது சந்தோஷம் இருக்காது. சந்தோஷம் தொட்ட நிமிஷத்தோடு முடிந்துபோயிருக்கும்.

அக்காவின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்புவதற்காக, "திருப்பருத்திக்குன்றம் போய்விட்டு வரலாமா?" என்றேன். ஊரிலிருந்து கொஞ்ச தூரம்தான். வேகவதி ஆற்றுக்கு அருகே இருக்கிறது. ஜினக் காஞ்சி என்று பழைய பெயர். பட்டுக்குப் பேர் போன ஊரின் பக்கத்தில், பருத்தியைத் தன் பெயரில் வைத்துக்கொண்டு அடக்கமாக ஒரு கிராமம்! திரைலோக்கியநாதர் கோயிலின் சங்கீத மண்டபத்தை விஜயநகரத்து மந்திரி இருகப்பர் 1387-ஆம் ஆண்டு வாக்கில் கட்டினார். அதன் விதானத்தில் தீர்த்தங்கரர்களின் கதைகள் வண்ணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் வண்ணம் உதிர்ந்துவிட்டது, இருப்பதே போதும். டி. என். ராமச்சந்திரன் 1934-இல் இந்தக் கோயில்களைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, முதல் தீர்த்தங்கரரான ரிஷபதேவரின் கதை ஞாபகத்துக்கு வந்தது. ஆதிபுராணத்தில் வருகிற கதை இது. ரிஷபர் அரசராக வீற்றிருக்கிறார். சபையில் நீலாஞ்சனை என்ற தேவமாது ஆடுகிறாள். ஆடிக்கொண்டிருக்கும்போதே அவளுடைய ஆயுள் முடிந்துபோகிறது. ஆட்டம் தடைப்படக் கூடாதே என்று இந்திரன் அந்தக் கணத்திலேயே அவளைப் போலவே இன்னொருத்தியைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறான். சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. ரிஷபர் ஒருவர் மட்டும் கவனித்துவிட்டார். அதோடு அவருக்கு அரசு கசந்துவிட்டது.

ஒரு நாட்டியம், அதைப் பார்த்த ஒருவர் எல்லாவற்றையும் விட்டார். உடனே மற்றொரு நாட்டியம் என் நினைவில் வந்து மோதிற்று. புகாரில் மாதவி ஆடினாள். அதன் முடிவில் ஒருவன் ஒரு மாலையை வாங்கினான்.

சிலப்பதிகாரத்துக்குச் சொல்லப்படும் நீதிகள் மூன்று. அரசியலில் தவறினவருக்கு அறமே எமன். பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர். ஊழ்வினை விடாது வந்து பற்றும். பதிகமே இவற்றைச் சொல்லிவிடுவதால் நம்முடைய விமரிசகர்களும் இந்த மூன்றையே சுற்றி வந்திருக்கிறார்கள். கோவலனைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவனுடைய காமத்தைப் பற்றிப் பேசுவார்கள். அல்லது ஊழைப் பற்றிப் பேசுவார்கள். அவன் வாங்கினான் என்பதைப் பற்றி அதிகமாகப் பேசுவதில்லை.

அரங்கேற்று காதையைத் திரும்பப் படித்துப் பாருங்கள். ஆடலாசிரியன், இசையாசிரியன், குழலோன், யாழோன், அரங்கத்தின் நீள அகலம், திரைகள் எல்லாவற்றையும் அடிகள் நிதானமாகச் சொல்லிக்கொண்டு போகிறார். அவசரமே இல்லை. மாதவி ஆடி முடிக்கிறாள். தலைக்கோல் பட்டமும் பரிசும் பெறுகிறாள். பிறகு அவளுடைய மாலையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கூனி, பணக்கார இளைஞர்கள் திரியும் தெருவில் போய் நிற்கிறாள். மாலையின் விலை ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன். வாங்குகிறவர் மாதவிக்கு உரியவர். கழஞ்சு ஒன்றைச் சுமார் 5 கிராம் என்று வைத்துக்கொண்டால், 5 கிலோ தங்கத்துக்கு ஒரு மாலை! கோவலன் வாங்கிவிட்டான். கூனியோடு நடந்துவிட்டான். வீட்டை மறந்துவிட்டான். காதையின் கடைசியில் சில அடிகள், அவ்வளவுதான்.

அந்தக் கூனி இன்றைக்குத் தெருவில் நிற்பதில்லை. நம்முடைய சட்டைப் பையிலேயே இருக்கிறாள்.

அவள் விற்றது மாலையை அல்ல என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. வாங்கினால் நீங்கள் வேறு ஆளாகிவிடலாம் என்ற நம்பிக்கையை விற்றாள். அதற்குப் பிறகு அந்த மாலை என்ன ஆயிற்று, யார் அணிந்தார்கள், எங்கே வாடிக் கிடந்தது என்பதைப் பற்றி, நான் படித்த வரையில், அடிகள் ஒன்றும் சொல்வதில்லை. என்னுடைய முப்பது பேனாக்களைப் பற்றியும் சொல்வதற்கு ஒன்றும் இல்லை.

இனி மறுபக்கம். வாங்குவதை மூன்றாவது காதையின் கடைசியில் முடித்துவிட்ட அதே கவிஞர், விற்பதை எவ்வளவு நீளமாகச் சொல்கிறார் பாருங்கள்! ஒன்பதாவது காதையில் சிலம்பு வெளியே வருகிறது. பதினாறாவது காதையில் கோவலன் அதை விற்கப் போய் உயிரை விடுகிறான். நடுவிலே காவிரிக் கரை, காடு, வேட்டுவர் குடி, வைகை, மதுரைப் புறஞ்சேரி, ஆயர் வீடு! ஏழு காதைகளிலும் அந்த ஒற்றைச் சிலம்பு விற்கப்படாமல் கூடவே வருகிறது. வாங்குவது சுலபம், விற்பது கஷ்டம் என்பது வியாபாரியின் வீட்டுப் பாடம். மாசாத்துவானின் பிள்ளை அதை வீட்டில் கற்கவில்லை; வழியில் கற்றான். இந்த விகிதத்தை அடிகள் தெரியாமல் அமைத்தார் என்று என்னால் நம்ப முடியாது.

இதே விகிதத்தை நான் ஒரு பிரெஞ்சு நாவலிலும் பார்த்திருக்கிறேன். ஃப்ளாபேர் 1857-இல் வெளியிட்ட 'மேடம் பவாரி'யைக் காதல் கதை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் எம்மாவைக் கொன்றது காதலர்கள் அல்ல. லெரோ என்கிற ஜவுளி வியாபாரி கொண்டுவந்து நீட்டிய பிராமிசரி நோட்டுகள்தான் கொன்றன. ஆரம்பத்தில் அவன் பணம் கேட்டு அவசரப்படுத்துவதில்லை. சிரித்த முகம். 8000 பிராங்குக் கடனுக்கு வீட்டுச் சாமான்கள் ஜப்தியாகின்றன. கதவு கதவாகத் தட்டிப் பார்த்துவிட்டு அவள் விஷத்தை எடுக்கிறாள். ஃப்ளாபேர் கடனைக் கணக்குப் புத்தகத்தைப் போல எழுதிக் காட்டுகிறார். இளங்கோ கணக்கு எழுதவில்லை. அவர் செய்தது அதைவிடக் கொடியது: ஒரு மனைவியைச் சிரிக்க வைத்தார்.

கனாத்திறம் உரைத்த காதையில் கோவலன் திரும்பி வருகிறான். முன்னோர் தேடிய செல்வத்தை எல்லாம் தொலைத்துவிட்டேன், வெட்கமாக இருக்கிறது என்கிறான். கண்ணகி என்ன நினைக்கிறாள்? மாதவிக்குக் கொடுக்கக் கையில் பொருள் இல்லை போலிருக்கிறது என்று நினைக்கிறாள். முகத்தில் சிரிப்பு மாறாமல், சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுகிறாள். இந்த இடத்தைப் பதிவிரதா தர்மத்துக்கு உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நானும் பரீட்சையில் அப்படித்தான் எழுதினேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு கடன் அட்டைப் பாக்கி ஏறிப் போய், வட்டிக்கு வட்டி கட்ட முடியாமல் நான் முழித்துக்கொண்டிருந்தபோது, என் மனைவி தன் கையிலிருந்த இரண்டு வளையல்களைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "அடகு வெச்சுக் கட்டிடுங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு தர்மத்துக்கு உதாரணம் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. அவள் என்னிடம் எதையும் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டாள் என்றுதான் தோன்றிற்று. கண்ணகியின் புன்னகையையும் அன்றைக்கு மேல் என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை.

கண்ணகியின் கணக்கு வேறு கணக்கு என்பதை அடிகள் பின்னால் காட்டுகிறார். கொலைக்களக் காதையில், ஆயர் வீட்டில் சாப்பிட்டு முடித்த பிறகு, கோவலன் தன் தவறுகளை நினைத்து வருந்துகிறான். அப்போது அவள் தான் இழந்தவற்றைச் சொல்கிறாள். அறவோருக்குக் கொடுப்பது, அந்தணரைப் பேணுவது, துறவிகளை எதிர்கொள்வது, விருந்தினரை வரவேற்பது. இந்த ஜாபிதாவில் ஒரு நகை இல்லை, ஒரு பட்டு இல்லை, ஒரு வீடு இல்லை. அவள் இழந்ததெல்லாம் கொடுக்கும் உரிமைதான்.

இங்கே எனக்கு நானே ஒரு மறுப்பைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கோவலன் மட்டும் கொடுக்கவில்லையா? அடைக்கலக் காதையில் மாடல மறையோன் வந்து அவனுடைய பழைய கதைகளைச் சொல்கிறான். மணிமேகலைக்குப் பெயர் வைத்த நாளில் பொன்னை வாரிக் கொடுத்தவன் அவன். யானையின் பிடியிலிருந்து ஒரு கிழவரை உயிரைப் பணயம் வைத்து மீட்டவன். கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவனால் கைவிடப்பட்டவளுக்குப் பொருள் கொடுத்து வாழ்வளித்தவன். கெட்டவன் அல்ல, தாராளமான கை. அந்தக் கைதான் மாலையையும் வாங்கிற்று. செலவாளி மனிதர்களில் பலர் கருணையுள்ளவர்கள் என்பதை உலகத்தில் பார்க்கிறோம். ஆகையால், "செலவழிக்காதே" என்று சொல்கிற காப்பியம் அல்ல இது. எதிரே நிற்கும் மனிதரைப் பார்த்துச் செலவழித்தபோது கோவலன் பெரியவன். தன்னையே பார்த்துச் செலவழித்தபோது சிறியவன். "யாருக்குடா?" என்ற அக்காவின் கேள்விக்கு யானைக் கதையில் பதில் இருக்கிறது, மாலைக் கதையில் இல்லை.

கவுந்தியடிகள் விஷயத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. சமணத் துறவியான அவர் புகாரிலிருந்து மதுரை வரையில் இவர்களோடு நடக்கிறார். ஊர்காண் காதையில் கோவலன் தன் நிலையை நினைத்துக் கலங்கும்போது, மனைவியைப் பிரிந்த இராமனையும், சூதில் நாட்டை இழந்த நளனையும் எடுத்துக் காட்டி ஆறுதல் சொல்கிறார். ஆசையால் வரும் துன்பத்தைப் பற்றி நன்றாகவே சொல்கிறார். ஆனால் நொடித்துப் போன ஒரு வணிகனிடம் அவருடைய சமயம் சொல்லக்கூடிய மிக உபயோகமான பேச்சை அவர் பேசவில்லை.

அது என்ன பேச்சு? சமணம் என்றால் முற்றும் துறப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். இல்லறத்தாருக்கு அது அப்படிச் சொல்லவில்லை. கொல்லாமை, பொய்யாமை, களவு செய்யாமை, பிறன்மனை நயவாமை என்ற நான்கோடு ஐந்தாவதாக மிகுபொருள் விரும்பாமை என்று ஒன்றை வைத்தது. பொருளே வேண்டாம் என்பதல்ல; இவ்வளவு போதும் என்று ஒருவன் தானே ஒரு கோடு போட்டுக்கொள்வது. அதற்கு மேலும் நுட்பமாக ஒரு விரதம் உண்டு. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தில் அது விளக்கப்படுகிறது. அந்த நூலைத் தழுவித் தமிழில் அருங்கலச்செப்பு இருக்கிறது. ஒரு தடவை அனுபவித்ததோடு தீர்ந்துபோகிற சாப்பாடு போன்றவை போகம். திரும்பத் திரும்ப அனுபவிக்கக்கூடிய துணி போன்றவை உபபோகம். இரண்டுக்கும் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுள் முழுவதுக்கும் வைத்துக்கொண்டால் அது யமம். ஒரு நாள், ஒரு பட்சம், ஒரு மாதம், ஒரு ருது, ஓர் அயனம் என்று கெடு வைத்துக்கொண்டால் அது நியமம்.

எவ்வளவு மனிதத் தன்மையுள்ள ஏற்பாடு! "இனி ஜென்மத்துக்கும் வாங்க மாட்டேன்" என்று சபதம் செய்தவன் எட்டாம் நாள் கடையில் நிற்பான். நான் நின்றிருக்கிறேன். "ஆனி மாதம் முடிகிற வரைக்கும் வாங்க மாட்டேன்" என்று சொன்னவனுக்கு ஒரு கரை தெரிகிறது. அளவை எப்போது வைக்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். கூனி தெருவுக்கு வருவதற்கு முன்னால் வைத்துவிட வேண்டும். வந்த பிறகு நாம் யோசிப்பதில்லை, நடந்துவிடுகிறோம். ஓர் ஆசை செத்த கணத்திலேயே அதே முகத்தோடு இன்னோர் ஆசையைக் கொண்டுவந்து நிறுத்துகிற இந்திரர்கள் இன்று எத்தனையோ பேர். ஆள் மாறினதைக் கவனிக்க நாம் ரிஷபர் அல்ல. கவனிக்க முடியாதவனுக்குக் கெடு வேண்டும்.

கவுந்தி இதைச் சொல்லவில்லை. ஆனால் அடிகள் வேறு விதமாகக் காட்டிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். கவுந்தியின் ஆறுதலுக்குப் பிறகு, அதே ஊர்காண் காதையில், கோவலன் தனியாக மதுரை நகரத்தைப் பார்க்கப் போகிறான். இரத்தினக் கடைத் தெருவில் நவமணிகள், அவற்றின் குற்றங்கள், குணங்கள்; பிறகு பொன் கடைத் தெரு, அறுவைக் கடைத் தெரு, கூலக் கடைத் தெரு. அடிகளுக்கு வர்ணனை ஆசை என்று நாம் அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறோம். தாண்டக் கூடாது. புகாரின் பெரிய பணக்காரன் காலணா இல்லாமல் கடைத்தெருவில் நடக்கிறான். ஒன்றும் வாங்கவில்லை. எல்லாவற்றையும் பார்க்கிறான். பார்த்து, மகிழ்ச்சியோடு திரும்பி வருகிறான். காப்பியத்தில் கோவலன் முழு மனத்தோடு சந்தோஷப்படும் இடங்கள் அதிகம் இல்லை, இது ஒன்று. மறுநாள் அவன் உயிரோடு இல்லை. அழகான பொருளைப் பார்த்து ரசிப்பதற்கும் அதை வாங்குவதற்கும் சம்பந்தம் இல்லை என்று அவன் ஒரு பகல் பொழுதுக்காவது தெரிந்துகொண்டான். ஆயிரத்தெட்டுக் கழஞ்சு கொடுத்து வாங்கிய பாடம்.

திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பிள்ளையார்பாளையம் வழியாகத் திரும்பினோம். அக்காவுக்குத் தறி பார்க்க வேண்டுமென்று ஆசை. ஒரு வீட்டில் குழித்தறியில் கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். ஒவ்வோர் இழையிலும் இரண்டையும் கோத்து வாங்க வேண்டும். என் மனத்திலிருந்த சங்கடத்தை நெசவாளரிடமே கேட்டேன். எல்லோரும் வாங்குவதைக் குறைத்துக்கொண்டால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்றேன்.

அவர் நாடாவை நிறுத்தவில்லை. "ஒண்ணு வாங்குங்க சார், நல்லதா வாங்குங்க. வாங்கி பீரோவில வெச்சுப் பூட்டிடாதீங்க. வெச்ச மடிப்பிலேயே இத்துப் போயிடும். கட்டிக்கிட்டாத்தான் நெய்ததுக்கு மரியாதை" என்றார்.

போகத்துக்கும் உபபோகத்துக்கும் இதைவிட நல்ல உரை எனக்குத் தெரியாது. கட்டாத புடவை உபபோகம் அல்ல. வாங்கிய நிமிஷத்தில் தீர்ந்துபோன வெறும் போகம்.

கோவலன் வீட்டுக் கதை காஞ்சியில்தான் வந்து முடிகிறது என்பதைப் பலர் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. மகன் இறந்த செய்தி கேட்டு மாசாத்துவான் சொத்தையெல்லாம் தானம் செய்துவிட்டுப் பௌத்தத் துறவியானார். அந்தத் தாத்தா சொல்லித்தான் மணிமேகலை காஞ்சிக்கு வருகிறாள். ஊர் பஞ்சத்தில் கிடக்கிறது. அமுதசுரபியை ஏந்தி எல்லோருக்கும் சோறு போடுகிறாள். அப்பன் ஒரு மாலையை வாங்கினான். அவனுடைய பெண் கையில் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். சாத்தனார் இளங்கோவுக்கு எழுதிய பதில் அது என்றே எனக்குத் தோன்றுகிறது.

மூன்று புடவைகளில் இரண்டை அக்காவே கல்யாணத்துக்காக எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்துவிட்டாள். மூன்றாவதை வீட்டில் கொண்டுபோய் மனைவியிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு, "வளையலை எப்ப மீட்கப் போறீங்க?" என்று கேட்டாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

தை மாதத்திலேயே ஓர் அயனத்துக்கு நியமம் வைத்துக்கொண்டேன்: உபபோகத்தில் புதிதாக ஒன்றும் இல்லை என்று. மாசியில் ஒரு பேனா வாங்கித் தவறினேன். அதற்குப் பிறகு தவறவில்லை. ஆனி முடிந்தது. மறுபடியும் தட்சிணாயனத்துக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு வளையல் வீட்டுக்கு வந்துவிட்டது. மற்றொன்று இன்னும் அடகுக் கடையில் இருக்கிறது.